நூறு டாலர் எம்.எல்.ஏ.

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர், அமெரிக்கா
20 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மொட்டை மாடிக்கு ஏறி வற்றல் காயப்போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டாள், நான் சொன்னேன் என்றால் ஒருவேளை கேட்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அங்கே எம்.எல்.ஏ.வைப் பார்க்க முடிகிறதா, இல்லை அங்கேயும் வாசலில் நிற்க வேண்டுமா?" என்றீர்கள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டேன். வைத்த பிறகுதான் நீங்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று உறைத்தது. உங்களுக்கும் எதையும் கையில் பிடித்துப் படித்தால்தான் திருப்தி. அதனால் இந்தக் கடிதம்.

பார்க்க முடிகிறது அப்பா. நேற்று மாலைகூடப் பார்த்தேன். அடுத்த தெருவில் தன் வீட்டுத் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் கழி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, எழுபது வயதைத் தாண்டியவர். இங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள், உங்கள் பேத்தி உட்பட. எனக்கு வாய் வரவில்லை. "டீச்சர்" என்கிறேன். ஆரம்பத்தில் அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

இந்த மாநிலமே சின்னது. 2020 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகை 14 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் சட்டமன்றக் கீழவையில் 400 பேர்! மேலவையில் தனியாக 24 பேர். நம் தமிழ்நாடு முழுவதற்கும் 234 பேர்தான் என்று சொன்னபோது டீச்சர் நம்பவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நம் மக்கள்தொகை 7.2 கோடி. ஆளுக்கு மூன்று லட்சம் பேர் வருகிறார்கள். இங்கே ஓர் உறுப்பினருக்குச் சுமார் 3,400 பேர். நம் தெருவையும் மில் காலனியையும் கீழத்தெருவையும் சேர்த்தால் ஓர் எம்.எல்.ஏ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க முடியாமல் எங்கே போவார்?

அடுத்து நீங்கள் கேட்கப்போவது சம்பளம். ஆண்டுக்கு 100 டாலர். எழுத்துப் பிழை இல்லை, நூறுதான். இரண்டு ஆண்டுப் பதவிக்காலத்துக்கு 200 டாலர் என்று 1889-இல் மாநில அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். இன்றுவரை ஒரு காசு ஏற்றவில்லை. தலைநகர் கான்கார்டுக்குப் போய்வரப் பயணப்படி உண்டு, அவ்வளவுதான். 2017-இல் நம் சட்டமன்றத்தில் உறுப்பினர் சம்பளத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக்கிய செய்தியைப் படித்துவிட்டு, நீங்கள் பேப்பரை மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனீர்கள். அது எனக்கு நினைவிருக்கிறது.

முதலில் எனக்கும் இந்த நூறு டாலர் பெரிய விஷயமாகத்தான் பட்டது. காந்தி காலத்து எளிமை என்று நண்பர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். பிறகு பார்த்தால், நூறு டாலருக்கு யார் வருவார்கள்? ஜனவரி முதல் ஜூன் வரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு வரக்கூடியவர்கள்தான். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், சொந்தத் தொழில் உள்ளவர்கள், வீட்டில் இன்னொருவர் சம்பாதிப்பவர்கள். மில்லில் ஷிப்டு பார்த்த காலத்தில் உங்களால் வந்திருக்க முடியுமா? டீச்சரே சொல்கிறார்: "எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, அதனால் எனக்குக் கொள்கையும் இருக்கிறது."

இங்கே நம் ஆட்கள் யாராவது சட்டமன்றத்தில் உண்டா என்று மாமா கேட்டிருந்தார். தமிழர் யாரும் என் கண்ணில் படவில்லை. ஆனால் இதே நாஷுவாவிலிருந்து லதா மங்கிப்புடி என்ற, கர்நாடகத்திலிருந்து வந்த பெண்மணி 2013-இல் இடைத்தேர்தலில் நின்று வென்றார். வீடு வீடாக நடந்துதான் ஓட்டுக் கேட்டிருக்கிறார். இங்கே வேறு வழியும் இல்லை. லாரியும் ஒலிபெருக்கியும் வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தொகுதி பெரிதல்ல.

சரி, என்னதான் செய்கிறார் டீச்சர்? இதை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசிக்கிறேன். அவர் கையில் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று கிடையாது. நிழற்குடை கட்டி நெற்றியில் பெயர் எழுத முடியாது. சாலை போட முடியாது, அது நகராட்சியின் வேலை. தனி அலுவலகம் இல்லை, உதவியாளர் இல்லை, கார் இல்லை. சொந்தக் காருக்குச் சட்டமன்ற நம்பர் பிளேட் மட்டும் கிடைக்கும். சபையில் அவர் உட்காரும் இருக்கை எண்தான் அதில் இருக்கும். அந்தக் காரை மளிகைக் கடை வாசலில் பார்த்துவிட்டால் சிலர் தேங்காய் மூடியைக் கண்ட எறும்பு மாதிரி மொய்த்துக்கொள்கிறார்கள். அவர் பால் வாங்கப் போனால் வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆகும்.

உங்கள் மருமகளின் தொழில் உரிமம் ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் கிடந்தது. எழுதிக் கேட்டால் பதில் இல்லை. டீச்சரிடம் சொன்னேன். நம் ஊர் வழக்கப்படி, அவர் ஒரு தட்டுத் தட்டினால் கதவு திறந்துவிடும் என்று நினைத்தேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, காத்திருந்து, இரண்டு நாள் கழித்து என்னிடம் சொன்னது இதுதான்: விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைகிறது, ஏழாம் பக்கம். அவ்வளவுதான் அவருடைய செல்வாக்கு. ஏழாம் பக்கத்தை அனுப்பினோம், உரிமம் வந்தது.

சனிக்கிழமை காலையில் இலவச உணவுக்கூடத்தில் வெங்காயம் நறுக்குகிறார். நானும் இரண்டு முறை போனேன். கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை, புகைப்படம் எடுக்கவும் ஆள் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று கேரட் சீவிக்கொண்டிருந்தவர் போன தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்றவராம். இருவரும் வெங்காயத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள், பொடியாக வேண்டுமா, நீளமாக வேண்டுமா என்று.

இனி என் வண்டிக் கதை. இந்த மாநிலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, வண்டிக்காரர் பிறந்த மாதத்தில், காரைப் பட்டறையில் காட்டிப் பரிசோதித்துக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்பு கொட்டுவதால் வண்டியின் அடிப்பாகம் துருப்பிடித்துப் போகும். போன வருடம் என் பழைய வண்டிக்கு ஒரு பட்டறையில் ஆயிரத்துச் சொச்சம் டாலர் தீட்டினார்கள். வயிறு எரிந்தது. இந்தக் கட்டாயப் பரிசோதனையையே ஒழிக்க வேண்டும் என்று இந்த ஆண்டு ஒரு மசோதா வந்தது. டீச்சரிடம் போய், ஆதரித்து ஓட்டுப் போடுங்கள் என்றேன்.

"நீயே வந்து சொல்லேன்" என்றார்.

எனக்கு இங்கே ஓட்டுரிமை இல்லையே என்றேன். அது தேவையில்லையாம். இங்கே வருகிற ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை நடத்தியே ஆக வேண்டும். யாருக்கும் தெரியாமல் கிடப்பில் போட முடியாது. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். பனி கொட்டிய ஒரு காலையில் விடுப்புப் போட்டுவிட்டு கான்கார்டுக்குப் போனேன். விசாரணை நடக்கிற கட்டடம் ஒரு காலத்தில் தபால் ஆபீஸாக இருந்ததாம். உள்ளே நுழைந்ததும் எனக்கு நம் ஊர்த் தலைமைத் தபால் நிலையத்தின் வாசனை வந்தது, மரமும் மையும் கலந்த மாதிரி. உங்கள் மனுக்களைப் பதிவுத் தபாலில் அனுப்ப உங்களோடு வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் அட்டை கொடுத்தார்கள். பெயர் எழுதிக் கொடுத்தால் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிட்டபோது கை நடுங்கியது. மூன்று நிமிடம் பேசினேன். என் உச்சரிப்பு புரிந்ததோ இல்லையோ, ஒருவர் குறிப்பு எடுத்துக்கொண்டார். எனக்கு முன்னால் ஒரு மெக்கானிக் பேசினார். துருப்பிடித்த பிரேக் குழாய்த் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். டக்கென்று ஒரு சத்தம். எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

மார்ச்சில் கீழவை அந்த மசோதாவை நிறைவேற்றியது. டீச்சர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். பெயர் பதிந்து ஓட்டெடுத்தால், யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பது வெளியாகிவிடும். எனக்குக் கோபம். ஒரு வாரம் அந்தத் தெரு வழியாக நடக்கவில்லை. அவரே வந்து கதவைத் தட்டினார். கையில் வாழைப்பழ ரொட்டி. "அந்தக் குழாயைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை" என்றார். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. என் பேச்சைவிட அந்த இரும்புத் துண்டு நன்றாகப் பேசியிருக்கிறது, என்ன செய்வது.

ஆனாலும் என் பக்கம்தான் ஜெயித்தது. பட்ஜெட்டோடு சேர்த்து ஜூன் கடைசியில் ஆளுநர் கெல்லி அயாட் கையெழுத்திட்டுவிட்டார். அந்தச் சட்டப்படி 2026 ஜனவரி 31-க்குப் பிறகு கட்டாயப் பரிசோதனை கிடையாது. அதற்குள் ஜூலை வந்துவிட்டதே, என் பிறந்த மாதம். கடைசி முறையாக வண்டியைக் கொண்டுபோனேன். வேறு பட்டறைதான். தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து, வா என்று கூப்பிட்டுக் காட்டினான் பையன். பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய் பொருக்கு விட்டு, தொட்டால் உதிர்கிறது. அதே வண்டியில்தான் பேத்தியைத் தினமும் பள்ளியில் விட்டுக்கொண்டிருந்தேன். இதை நான் டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்ல வேண்டாம்.

பேத்தியைப் பள்ளியிலிருந்து சட்டமன்றம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் போவது இங்கே வழக்கம். துணைக்கு நானும் போனேன். 1819 முதல் அதே கட்டடம், அதே மன்றம். சினிமாக் கொட்டகை மாதிரி வரிசை வரிசையாக நாற்காலிகள். மேசை கிடையாது. மேலே மாடத்தில் பிள்ளைகள். இதே மாடத்தில் 2015-இல் ஹாம்ப்டன் ஃபால்ஸ் என்ற ஊரிலிருந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செவ்வால் பருந்தை மாநில வேட்டைப் பறவையாக்க வேண்டும் என்று அவர்கள் எழுதிய மசோதா அன்று விவாதத்துக்கு வந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறுப்பினர்கள் கேலி செய்தார்கள். இப்படியே போனால் அடுத்து மாநில ஹாட் டாக் கேட்பார்கள் என்றார் ஒருவர். மசோதா தோற்றது. நாடு முழுக்கக் காறித் துப்பினார்கள். 2019-இல் அதே பருந்து சட்டமாகிப் பறந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் அதற்குள் எட்டாம் வகுப்பை எட்டியிருப்பார்கள்.

தோற்கடிக்கும் தீர்மானத்துக்கு இங்கே ஒரு பெயர் உண்டு. "சட்டமாக்குவது உசிதமல்ல." அவ்வளவு மரியாதையாகச் சாகடிப்பார்கள். "மனு பரிசீலனையில் உள்ளது" என்று உங்களுக்கு வந்த பதில்களைவிட இது மேலா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு இது மேல்தான் என்று தோன்றுகிறது. இல்லை என்பது இல்லை என்றாவது தெரிகிறதே.

உங்களுக்குப் பிடிக்கும் இன்னொன்று. ஆற்றங்கரையில் மணிக்கூண்டோடு ஒரு பழைய பஞ்சாலை இருக்கிறது. 1823-இல் தொடங்கிய கம்பெனி. 1948-இல் மூடப்போவதாக அறிவித்தபோது ஊரே ஆடிப்போனதாம். இப்போது அது அடுக்குமாடிக் குடியிருப்பு. டீச்சரின் பாட்டி கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்து அங்கே அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டவர். என் அப்பாவும் ஸ்பின்னிங் மில்லில்தான் இருந்தார் என்றேன். உடனே தன் ஆட்காட்டி விரலைக் காட்டி, "இங்கே தழும்பு இருக்குமே" என்றார். இருக்கிறது என்றேன்.

அன்றைக்குத்தான் ஓடைப்பாலக் கதையைச் சொன்னேன். பாலம் கேட்டு நீங்கள் எழுதிய நாற்பத்தோரு மனு, பன்னிரண்டு வருடம், கடைசியில் திறப்பு விழாவில் நீங்கள் பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது. வேறு யாராக இருந்தாலும் அடடா என்றிருப்பார்கள். டீச்சர், டீச்சர் அல்லவா? "நாற்பத்தொன்றும் ஒரே வாசகமா, மாற்றி மாற்றி எழுதினாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் பக்கத்து ஊர்களில் 'பழைய வீட்டு நாள்' என்று விழா நடக்கும். பண்ணைகளை விட்டுவிட்டு மேற்கே பிழைக்கப் போனவர்களை ஒரு தடவையாவது வந்து போங்கள் என்று அழைக்க, 1899-இல் ஃபிராங்க் ரோலின்ஸ் என்ற ஆளுநர் ஆரம்பித்து வைத்தது. டீச்சர் அதில் எலுமிச்சைச் சாறு விற்பார், எங்களையும் கூப்பிட்டிருக்கிறார். நான் பங்குனிப் பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன். டிக்கெட் விலை இப்போதே கண்ணைக் கட்டுகிறது.

மனுக்கள் இருக்கிற அந்தப் பச்சை ஃபைலை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மனுவையும் கடைசி மனுவையும் நகல் எடுத்து அனுப்புங்கள். நடுவில் உள்ளதில் எது நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறீர்களோ, அதில் ஒன்றும் வையுங்கள். டீச்சருக்கு மொழிபெயர்த்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்

பின்குறிப்பு: நாரத்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது.