தண்ணி ஒன்பதாம் படியோட நிண்டது

ஃபோர்ட் மயர்ஸ், புளோரிடா
06.11.2022

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கட கடிதமும் கருவாட்டுப் பார்சலும் வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. சீனக்குடா மாமியின்ர மருமகன் ஓர்லாண்டோவில இறங்கி, மூண்டு கிழமை பையிலயே வச்சிருந்து பிறகு தபாலில போட்டவராம். தபால்காரி பெட்டியைக் கைநீட்டித் தரேக்கையே மூக்கைப் பொத்தினாள். "டிவியில காட்டினது உன்ர ஊர்தானே, ஏன் ஒரு சத்தமும் இல்லை" எண்டு எழுதியிருந்தீங்கள். வாசிச்சு வெக்கமாப் போச்சு. போன் தண்ணிக்க போனது. புதுசு வாங்கினதும் "சுகம், பயப்பிட வேண்டாம்" எண்டு தங்கச்சிக்கு ஒரு வரி அடிச்சதோட விட்டிட்டன். பிழைதான்.

அப்பாவுக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ. அவருக்குத்தான் விளங்கும்.

புயலுக்குப் பேர் இயன். செப்டெம்பர் 28, புதன்கிழமை, பின்னேரம் மூண்டு மணி கழியக் கரையேறினது. காத்து மணிக்கு 240 கிலோமீற்றர். முதல்ல வடக்க, தம்பாப் பக்கம் போகுது எண்டுதான் சொன்னவங்கள். எங்கட பக்கத்துக்கு வெளிக்கிடச் சொல்லி முதல்நாள்தான் கட்டளை வந்தது. நான் வெளிக்கிடேல்லை. கார் பழுதில நிண்டது, அதை விடுங்கோ.

அண்டைக்குத் தம்பாவில கடல் உள்வாங்கி, காஞ்ச கடலடியில சனம் நடந்து திரிஞ்சுது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கினது. ஆனா அது 2004 சுனாமி மாதிரி இல்லை அப்பா. இந்தப் புயல் இடஞ்சுழியாச் சுத்துது. அதுக்கு வடக்க இருந்தவைக்குக் காத்து தரையில இருந்து கடலுக்கு அடிச்சு, தண்ணியைத் தள்ளிக்கொண்டு போட்டுது. தெற்க இருந்த எங்களுக்குக் கடலில இருந்து தரைக்கு. கடற்கரையில சில இடங்களில 15 அடிக்கு ஏறினதாம்.

தொப்பிக் கிழவரைத் தெரியும்தானே, வீட்டுக்காரர். அவர் மேல ஒரு அறையில, நான் கீழ பின்னறையில. தண்ணி வர முதல் அவர் வீட்டுப் பத்திரம், பட்டாளத்தில வாங்கின பதக்கம் எல்லாத்தையும் குசினியில கோப்பை கழுவுற மெசினுக்க வச்சு மூடினார். இஞ்ச கனபேர் அப்பிடிச் செய்யிறவை, தண்ணி புகாதாம். நீங்கள் காணி உறுதியைப் பொலித்தீனில சுத்தி அரிசி வாளிக்க ஒளிக்கிறதைப் பார்த்துச் சிரிச்சவன் நான். அண்டைக்குப் பாஸ்போட்டை அப்பிடியே சுத்தி இடுப்பில கட்டினன்.

சுனாமி மாதிரி இது ஓடி வரேல்லை. முதல்ல குளியலறை ஓட்டைக்குள்ளால கறுப்பாக் கொப்பளிச்சுது. பிறகு கதவுக்குக் கீழால. பிரிட்ஜ் ஒருக்களிச்சு விழுந்து, பிறகு வள்ளம் மாதிரி மிதந்து சுவரில இடிச்சுக்கொண்டு திரிஞ்சுது. நானும் கிழவரும் மாடிப்படியில இருந்தம். மொத்தம் பதினாலு படி. ஒவ்வொரு படி தாழேக்கையும் அவர் எண்ணிச் சொன்னார், கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுற மாதிரி. ஒன்பதாம் படியோட நிண்டது. இருட்டினாப் பிறகும் இறங்கேல்லை. நீங்கள் ஒரு கையில என்னை இழுத்து, மற்றக் கையில தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு சுனாமியண்டைக்குத் திருகோணமலைக் கோட்டைப் பக்கம் ஓடினது ஞாபகம் வந்துது. கிழவரிட்ட அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரேல்லை.

தண்ணி வத்தினாப் பிறகு மெசினைத் திறந்தார். பாதிக்குச் சேத்துத்தண்ணி, ஒரு குட்டி நண்டு. பதக்கம் மட்டும் தப்பினது.

பிறகு குழாயிலயும் தண்ணி இல்லை, கரண்டும் இல்லை. பட்டாளக்காரர் தந்த சாப்பாட்டுப் பையில கொஞ்சம் தண்ணி ஊத்தினால் தானாச் சூடாகுது. ருசி கேக்காதேங்கோ. நான் இறைச்சி சுடுற அடுப்பில கரி போட்டுப் பருப்புக் காய்ச்சினன். கிழவர் அதைச் சூப் எண்டு சொல்லிக் கோப்பையோட குடிச்சார், ரெண்டு தரம். பெற்றோலுக்குப் பெரிய வரிசை. நீங்கள் ஆடி ஆவணியில பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் காட்டிக்கொண்டு நிண்ட கதையைச் சொல்லேக்க நான் இஞ்சயிருந்து சிரிச்சனே, அதுதான் திரும்பி வந்தது. 87 ரூபாய் மண்ணெண்ணெய் 340 ஆனதுக்கு அப்பா பேசின பேச்செல்லாம் எனக்கும் அப்ப வாயில வந்தது.

சனிபெல் எண்டொரு தீவு, அதுக்குப் போற பாலம் அறுந்துபோச்சு. மூண்டு கிழமையில தற்காலிகமாப் பொருத்தித் திறந்திட்டாங்கள். கிண்ணியாவுக்குப் பாலம் வருமட்டும் நாங்கள் எத்தினை வருஷம் பாதைப் படகுக்குக் காத்து நிண்டம்.

ஆனா காசு விஷயத்தில இவங்களும் எங்கட ஆக்கள் மாதிரித்தான். காத்தால உடைஞ்சதுக்கு ஒரு காப்புறுதி, வெள்ளத்தால உடைஞ்சதுக்கு வேற. கிழவரிட்ட முதலாவது மட்டும். வந்த பெடியன் ஒவ்வொரு சுவராத் தடவித் தடவி "இது தண்ணி" எண்டு எழுதிக்கொண்டு போட்டான். புயலில காத்தையும் தண்ணியையும் பிரிக்கிறவனை அப்பா பார்க்க வேணும். கிழவர் இப்ப றோட்டோரம் குவிச்ச மெத்தை, அலுமாரிக் குவியலுக்கு முன்னால கதிரை போட்டுக் காவல் இருக்கிறார், ஆரோ களவெடுத்துப் போடுவாங்கள் எண்டு.

நான் வேலை செய்த கடற்கரைச் சாப்பாட்டுக் கடை திருத்த வேலைக்கு மூடியிருக்கு. அதுவரைக்கும் வீடுகளில ஊறின சுவர்ப் பலகை கழட்டுற வேலை. கிழமைக்குக் கிழமை காசு. அரசாங்க உதவிக்கு நான் எழுதிக் குடுக்கேல்லை, எனக்குத் தேவைப்படேல்லை. மேல, கிழவரின்ர அறைக்கு வெளியில படுக்கிறன், காத்தோட்டமா இருக்கு.

அம்மா, அஞ்சு கிழமையா என்ர உடுப்பு, மயிர், பாண் எல்லாத்திலயும் பூஞ்சண மணம்தான். வியாழக்கிழமை உங்கட பெட்டியைத் திறந்தன். சூடைக் கருவாடு. சுத்தியிருந்த பேப்பரில மரண அறிவித்தல் ஒண்டும் விடாமல் வாசிச்சன், ஒருத்தரையும் தெரியாது, எண்டாலும் வாசிச்சன். கருவாட்டை இன்னும் பொரிக்கேல்லை. முடிஞ்சிடும்.

சரி, தங்கச்சியின்ர விஷயம். தையில கலியாணம் எண்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா திருக்கடலூர்க் கடற்கரைக் காணியில வீடு வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் கடற்காத்துக் கேட்டால் பின்னேரத்தில வந்து வாங்கிக்கொண்டு போகட்டும். பாலையூற்றுத் துண்டில கட்டுங்கோ, அத்திவாரத்தை றோட்டு மட்டத்துக்கு மேல மூண்டு அடி தூக்கச் சொல்லி மேசனிட்டச் சொல்லுங்கோ. அப்பம்மா 1964 மார்கழிப் புயலைச் சொல்லேக்க நாங்கள் எழும்பி விளையாடப் போனனாங்கள். இனிமேல் வீட்டில தண்ணி, தீப்பெட்டி, ஒரு நீளக் கயிறு எப்பவும் இருக்கட்டும்.

மேசன் காசு இந்த மாசம் கொஞ்சம் பிந்தும். புயலால இஞ்ச பாங்கு வேலை எல்லாம் சுணக்கம். அதுக்காகச் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். வச்சிட்டீங்கள் எண்டால் எவ்வளவுக்கு எண்டு எழுதுங்கோ, ஒளிக்காமல். சீட்டுக்கு என்ர பங்கை மார்கழியில சேர்த்து அனுப்புவன், சீட்டுக்கார அக்காவிட்டச் சொல்லிவையுங்கோ.

வாடைக்காத்து தொடங்கியிருக்கும். அப்பாவைத் தாழமுக்கம் எண்டு றேடியோவில சொன்னால் கடலுக்கு விடாதேங்கோ. எஞ்சினைக் கழட்டி வீட்டுக்க வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்

பி.கு.: சின்ன மாமா ஏதும் சொன்னால் பெரிசா எடுக்காதேங்கோ. நான் அவரிட்டக் கேட்டது வேற ஒரு அலுவலுக்கு.