தூண்டிலுக்கு முன் இரை: உப்புவெளிக்கு வரும் மகளுக்கு

அன்பின் மகளுக்கு,

ஆவணி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு திருகோணமலை உப்புவெளியில் வந்து தங்கப் போகிறாய் என்று உன் அம்மா, என் அக்கா, சொன்னாள். மூத்தவன் தூண்டில் போட ஆசைப்படுகிறானாம். அதற்காக ரொறன்ரோவில் ரப்பர் மீன்களும் மினுங்கும் தகடுகளும் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறீர்களாம். அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வா. இரையை இந்தக் கரையில், அன்றன்று காலையில், பிள்ளைகள் தங்கள் கையாலேயே எடுக்கட்டும். உன்னைப் போலக் குடும்பத்தோடு வருகிற வேறு பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் எல்லாரும் படிக்கும்படியாகவே இதை எழுதுகிறேன்.

கரைக்கு வரும் பாரையும் சீலாவும் இங்கே இருக்கும் சிறு மீனைத் துரத்தித்தான் வருகின்றன. அவை எதைத் தேடி வந்தனவோ அதையே உயிரோடு கொடுத்தால் தயங்குவதில்லை. ஆனால் நான் இரை எடுக்கச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. இரை தேடுகிறவன் தண்ணீரைப் பார்க்கப் பழகுகிறான். எங்கே நீர் வளைந்து ஓடுகிறது, எங்கே மணல் பள்ளமாகிறது, எந்த நேரத்தில் சிறு மீன் கரையை அண்டுகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தானாகப் பிடிபடும். கடையில் இரை வாங்கித் தூண்டிலை வீசுகிற பிள்ளைக்கு அது கிடைக்காது. உன் அம்மாவும் நானும் அப்படித்தான் கற்றோம். போர்க்காலத்தில் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தபோது, கரையில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போனது. உன் பிள்ளைகளுக்காவது அது வரவேண்டும்.

முதல் நாள் தூண்டிலைத் தொடவே வேண்டாம். விடியற்காலையில் அலை ஏறி இறங்கும் ஈர மணலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. அலை பின்வாங்கும் அந்த ஒரு நொடியில் மணலின் மேல் சின்னச் சின்ன ‘வி’ வடிவக் கோடுகள் தெரியும். முட்டை வடிவிலான சிறிய நண்டு ஒன்று பின்பக்கமாகப் புதைந்து, கண்ணையும் உணர்கொம்பையும் மட்டும் வெளியே நீட்டி, திரும்பும் அலையிலிருந்து உணவை வடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கொம்பு நீரைக் கிழிப்பதால்தான் கோடு விழுகிறது. கோட்டுக்குக் கீழே இரண்டு கைகளையும் சேர்த்து ஒரேயடியாக ஆழமாக அள்ள வேண்டும். விரலால் கிளறினால் அது உள்ளே போய்விடும். இதற்குக் கடிக்கும் கொடுக்கு இல்லை, எனவே சின்னவளும் பயமில்லாமல் அள்ளலாம். வயிற்றுக்கடியில் செம்மஞ்சள் முட்டை ஒட்டியிருந்தால் அந்த நண்டை அங்கேயே விட்டுவிட வேண்டும். இதில் தளர்ச்சி காட்டாதே, பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். எடுத்த நண்டுகளைத் தண்ணீருக்குள் போடாமல் ஈர மணலில் நிழலில் வைத்தால் நெடுநேரம் உயிரோடு இருக்கும். கிளக்கனுக்கும் சிறு பாரைக்கும் இதைவிட நல்ல இரை கரையில் இல்லை. அதே மணலில் மட்டியும் கிடைக்கும். ஒரு கைப்பிடி போதும்.

அடுத்தது மணலை என்ற மீன். நிலாவெளி வீதியில் வரும் சாம்பல்தீவுப் பாலத்தையும், இன்னும் வடக்கே இறக்கக்கண்டிப் பாலத்தையும் போகிற வழியில் பார்த்துவை. களப்பு (காயல்) நீர் கடலோடு கலக்கும் இடங்களில் விரல் நீள மணலைக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் மேயும். உப்பு நீர், நன்னீர் இரண்டிலும் பிழைக்கும் மீன் என்பதால் வாளியிலும் சூடை என்ற சிறு மீனைவிட நெடுநேரம் தாங்கும். நமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் நீர்மட்டம் ஒரு மீற்றர்கூட மாறுவதில்லை. ஆனாலும் களப்பின் வாயில் அந்தச் சிறிய ஏற்ற இறக்கமே ஓட்டத்தை உண்டாக்கிவிடும். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஓட்டம் கூடும், மீனும் அதோடு நகரும்.

மணலைக்கு வீச்சு வலை வேண்டும். அங்கிருந்து வாங்கி வராதே, என்னிடம் சிறியது ஒன்று உண்டு. முதலில் விடுதி முற்றத்துப் புல்லில் வீசிப் பழகுங்கள். வலை வட்டமாக விரியாவிட்டால் அதன் ஓரத்து ஈயம் ஒரு பக்கமாக விழும், மீன் மறுபக்கத்தால் போய்விடும். தண்ணீரில் வீசும்போது நிழல் மீன்மேல் விழாதபடி சூரியனைப் பார்த்து நில். கூட்டத்தின் நடுவில் வீசாமல், அது போகும் திசையில் கொஞ்சம் முன்னே வீசு. ஒரு வீச்சில் இருபது விழுந்தால் ஆறேழை வைத்துக்கொண்டு மற்றதை உடனே விட்டுவிடச் சொல். ஒரு காலைக்கு அதற்குமேல் எவருக்கும் தேவைப்படாது.

களப்பில் இரவில் அத்தாங்கு என்ற கைவலை கொண்டு இறால் பிடிப்பதைப் பார்த்துவிட்டு மூத்தவன் தானும் இறங்குவேன் என்பான். வெளிச்சத்தில் இறாலின் கண் தணலாக மின்னும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். விடாதே. களப்பில் முதலை உண்டு, காலுக்கடியில் சேறும் எங்கும் ஒரே மாதிரி இல்லை. அங்கே தொழில் செய்கிறவர்களிடம் உயிர் இறாலை விலைக்கு வாங்கிக்கொள்.

இனிக் கரைவலை, கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய வலை. நீங்கள் தங்கும் கரையிலேயே காலையில் இழுக்கக்கூடும். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து இழுக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் மீன் சேரும் மடி கரையேறியதும் மணலில் சிதறும் கீரியையும் நெத்தலியையும் சும்மா கிடக்கிறது என்று அள்ளக்கூடாது. கரைவலையில் கூலி என்பது பங்கு. அன்று விழுந்த மீன்தான் வலைக்காரருக்கும் இழுத்தவர்களுக்கும் பிரிகிறது. உன் பிள்ளை பொறுக்கும் நாலு சூடை யாரோ ஒருவரின் வீட்டுக் கறி. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரைக் கேள், இரைக்கு என்று சொல், காசு கொடு. கயிறு இழுத்த பிள்ளைக்கு அவரே கை நிறையத் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள். 2004 சுனாமியில் படகையும் வலையையும் மொத்தமாக இழந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கியவர்கள் இந்தக் கரை முழுவதும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசும்போது அது உன் மனதில் இருக்க வேண்டும்.

கரைவலைச் சூடை உயிர் இரைக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலையில் நசுங்கி, செதில் உதிர்ந்துவிடும். செதில் போன சூடை பிழைப்பதில்லை. அதைத் துண்டாக்கித் தூண்டிலில் கொளுவலாம். உயிரோடு வேண்டுமென்றால், மடி தண்ணீருக்குள் இருக்கும்போதே கேட்டு, கை படாமல் சிறு பாத்திரத்தில் நீரோடு சேர்த்துக் கோரி எடுக்க வேண்டும்.

வாளி வட்டமாக இருக்கட்டும். மூலை உள்ள பெட்டியில் மீன் மூலையில் முட்டி மோதிக் களைத்துவிடும். குழாய்த் தண்ணீரைக் கலக்கவே கூடாது, அதிலுள்ள குளோரின் கொன்றுவிடும். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஒட்சிசன் குறையும். ஆவணி வெயிலில் திறந்து வைத்த வாளி அரை மணியிலேயே சுட்டுவிடும் என்பதால், நனைத்த சாக்கால் சுற்றி நிழலில் வைத்து, அடிக்கடி பாதித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுக் கடல்நீர் விட வேண்டும். மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சின்னப் பற்றரி மோட்டார் ஒன்று அங்கே கிடைத்தால் அதை மட்டும் வாங்கி வா. வெயிலுக்குக் கிறீம் பூசிய கையை வாளிக்குள் விடக்கூடாது. இறந்த மீனை உடனே எடுத்துவிடு, ஒன்று அழுகினால் எல்லாம் போய்விடும்.

கொளுவுவது எளிது. மணலையை இரண்டு உதடும் சேரக் குத்தலாம், அல்லது முதுகுச் செட்டைக்குக் கீழே, முதுகெலும்புக்கு மேலே மெல்லக் குத்தலாம். இறாலுக்குத் தலையில் கறுப்பாகத் தெரியும் இடத்தில் தூண்டில் முள் பட்டால் அந்தக் கணமே செத்துவிடும், கொம்பின் அடியில் அந்த இடத்தைத் தவிர்த்துக் குத்து. முள் சிறிதாக இருக்க வேண்டும். பெரிய முள் இரையை அமிழ்த்திவிடும்.

வலையில் ஓராவோ சுங்கானோ விழுந்தால் பிள்ளைகள் தொடக்கூடாது. இரண்டின் முள்ளிலும் நஞ்சு உண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூடான வெந்நீரில், 45 பாகை செல்சியஸைத் தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். பிறகு ஆஸ்பத்திரிக்குக் காட்டு. ஆழமற்ற நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடக்கப் பழக்கு. கிடக்கிற திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும். ஆவணியில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் தட்டையாக, சாதுவாகத் தெரியும். அதை நம்பிக் காற்றடைத்த மிதவைகளில் பிள்ளைகளை ஏற்றாதே. காற்று வெளியே கொண்டுபோய்விடும்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுக்குப் போவீர்கள். அங்கே தூண்டிலும் இல்லை, இரையும் இல்லை. 2003 முதல் அது தேசியப் பூங்கா. ஒரு சிப்பி ஓட்டைக்கூட எடுக்கக்கூடாது, முருகைக்கல்லில் கால் வைக்கவும் கூடாது. இன்னொன்று, இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். மலிவாக இரைமீன் தருகிறேன் என்று யாராவது வந்தால், மீனைக் கையில் எடுத்துப் பார். துவண்டு, நடுமுள் உடைந்து, சதைக்குள் இரத்தம் கட்டியிருந்தால் அது டைனமைற் வெடித்துப் பிடித்த மீன். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதைத் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு வெடியில் முருகைக்கல் பாரும் மீன் குஞ்சும் முட்டையும் சேர்ந்து அழிகிறதே. அதற்கு உன் காசு ஒரு சதமும் போகக்கூடாது.

மிஞ்சிய மணலையை எடுத்த இடத்திலேயே விடுங்கள். மிஞ்சிய இறாலையும் நெத்தலியையும் என்னிடம் கொண்டு வாருங்கள், பொரித்துத் தருகிறேன். பிள்ளைகளுக்குத் தொப்பியும், நனைந்தால் பரவாயில்லை என்ற பழைய சப்பாத்தும் எடுத்து வா. வாளி இங்கே சந்தையில் வாங்கலாம். வரும் நாள் உறுதியானதும் தொலைபேசியில் சொல், வலையைக் கழுவிக் காயவைத்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
சின்னம்மா
திருகோணமலை