ஒரு காலிப் பாட்டில் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது நம் தென்னாப்பிரிக்காவில் குற்றம். ஆனாலும் 2022 ஜூனில் இங்குள்ள ஈஸ்ட் லண்டன் நகரின் மதுக்கூடம் ஒன்றில் 21 இளம்பிள்ளைகள் இறந்தார்கள். அதற்கப்புறமும் நாம் புத்திமதிதான் சொல்கிறோம்; பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தேன். 750 மில்லி பியர் பாட்டில் நிறையத் தண்ணீர். 5 சதவீதம் என்றால் அதில் சுத்தச் சாராயம் எவ்வளவு? கண்ணளவில் கோப்பையில் ஊற்ற வேண்டும். பலர் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திவிட்டார்கள். கணக்குப்படி 37 மில்லிக்கு மேல்! "ஈரல் இதைக் கரைக்க எவ்வளவு நேரமாகும், டீச்சர்?" என்றான் ஒரு பையன். என் பிரசங்கம் எதிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

மற்ற வகுப்புகளும் செய்து பார்க்கலாமே. காலிப் பாட்டிலுக்கா நம் வீடுகளில் பஞ்சம்?

தமிழாசிரியை, சாட்ஸ்வொர்த், டர்பன்