‘உன்னைக் காணோமே’ என்று கேள்

அன்புள்ள கண்ணா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. "எட்டு மாசமா இந்தப் பிள்ளைங்களோடயே இருக்கேன். போன வாரம் மட்டும் மூணு பேர் படிப்பை விட்டு நின்னுட்டாங்க. நான் என்னதான் பண்ணினேன்னு தெரியலம்மா" என்று சொல்லும்போது உன் குரல் தழுதழுத்தது. பள்ளியில் பிள்ளைகளுக்குத் துணையாக இருந்து வழிகாட்டும் இந்த வேலையை விட்டு வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாய். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. 31 வருடம் உயர்நிலை வகுப்புகளில் நின்றவள் நான். எனக்குத் தெரிந்ததை நிதானமாக எழுதுகிறேன், படி.

அந்த மூன்று பேரும் போன வாரம் நிற்கவில்லை. போன வாரம் உன் காதுக்கு வந்தது, அவ்வளவுதான். எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் படிப்பை விடுவதில்லை. முதலில் ஒரு திங்கட்கிழமை வராது. அப்புறம் மாதத்துக்கு இரண்டு நாள். வந்த நாளிலும் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடும். விட்ட பாடம் புரியாது, புரியாமல் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருக்கும், அந்த வெட்கத்திலேயே இன்னும் இரண்டு நாள் போகும். எல்லாம் முடிந்து பெயரை நீக்கும்போதுதான் ‘இடைநிற்றல்’ என்று நாம் ஏட்டில் எழுதுகிறோம்.

மாதத்துக்கு இரண்டு நாள் யார் கண்ணிலும் படாது. ஆனால் வருடத்துக்கு 180 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 18 நாள் போனாலே பத்தில் ஒரு பங்கு போயிற்று. அமெரிக்காவில் இந்தப் பத்து சதவீதத்தைத்தான் அபாயக் கோடாக வைத்துப் பார்க்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பைப் பெரிய தோல்வி இல்லாமல் தாண்டிய பிள்ளைகள், அங்கே சறுக்கியவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேலாக, நான்கு வருடத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். முன்பு எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்ணைவிட இந்த ஒரு வருடம்தான் அவர்கள் போகும் வழியைச் சரியாகச் சொன்னதாம். ஆகவே, கடைசி வகுப்புப் பிள்ளைகளோடு நீ மல்லுக்கட்டுவது தப்பில்லை. ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டையும் வாரத்துக்கு ஒரு முறை கேட்டு வாங்கிப் பார்.

பதிவேடு என்றதும் ஒன்று நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. என் வகுப்பில் ஒரு பெண். நன்றாகப் படிப்பாள், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். திடீரென்று வராமல் இருக்க ஆரம்பித்தாள். ஒருநாள் வகுப்பு நடுவில் அவளை எழுப்பி நிறுத்தி, "நினைச்சா வர்றதுக்கு இது என்ன சத்திரமா?" என்று கேட்டேன். "தலைவலி மிஸ்" என்றாள். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. மறுநாளிலிருந்து அவள் வரவே இல்லை.

வருடக் கடைசியில் பதிவேட்டை ஒப்படைக்கும் முன் புரட்டினேன். அவள் பெயருக்கு நேரே இருந்த சிவப்புக் குறிகளெல்லாம் செவ்வாயும் வெள்ளியுமாகவே இருந்தன. மூன்று மாதமாக, ஒரு வாரம்கூடத் தப்பாமல். தலைவலி கிழமை பார்த்து வருமா? அந்த இரண்டு நாட்களில் அவளுடைய அம்மாவுக்கு வேலை, கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. இதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியை சொல்லித்தான் அறிந்தேன். என் கையாலேயே போட்ட குறிகள்! மூன்று மாதமாக அந்தத் தாள் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு யாரையும் "ஏன் வரல?" என்று நான் கேட்டதே இல்லை. "நேத்து உன்னைக் காணோமேன்னு பார்த்துட்டே இருந்தேன்" என்பேன், அதுவும் தனியாக, வராந்தாவில் கூடவே நடந்துகொண்டு. முதல் கேள்விக்குப் பிள்ளை கணக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு, தான் இல்லாதது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் அதன் மனதில் விழும். காரணம் அன்றைக்கே வெளிவராது, பத்து நாள் கழித்து வரும். வேலைக்குப் போகிறது, அப்பா அடிக்கிறார், தங்க இடமில்லை, கல்யாணம் பேசுகிறார்கள், வயிற்றில் பிள்ளை. எது வந்தாலும் முகம் மாறாமல் கேள். உன்னால் தீர்க்க முடியாததை யாரால் தீர்க்க முடியுமோ அவர்களிடம் நீயே கூட்டிக்கொண்டு போ. விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்பாதே.

வராததற்குத் தண்டனையாகச் சில நாள் பள்ளிக்கு வரக்கூடாது என்று நிறுத்திவைப்பதாகச் சொன்னாயே, அதை எதிர்த்துப் பேசு. வராத பிள்ளையை இன்னும் வரவிடாமல் செய்வதில் என்ன நியாயம்? காலையில் தூங்கி வழிகிறவர்களைச் சோம்பேறி என்று எழுதுவதும் அப்படித்தான். பதின்பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இலேயே, பெரிய பிள்ளைகளின் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

"நான் ஒருத்தன் என்ன செஞ்சிட முடியும்?" என்று கேட்டாய். ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் எல்லாம் சூழ வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர், எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி நல்லபடியாக ஆளானார்கள். அப்படி வந்தவர்களைப் பார்த்தால், கைவிடாத பெரியவர் ஒருவராவது இருந்திருக்கிறார். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு ஆசிரியர். நீ ஒருத்தன்தான் என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்.

மேற்படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழிகாட்டிக் கையேடு அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்ததாகச் சொன்னாய். கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையேடு போதாது. 2012-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், வருமானவரிக் கணக்கு எழுத வந்த குடும்பங்களுக்கு, கல்லூரி உதவித்தொகைப் படிவத்தைக் கூடவே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். பத்து நிமிட வேலை. அடுத்த மூன்று வருடத்துக்குள் அந்த வீட்டுப் பிள்ளைகளில் 100-க்கு 36 பேர் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து முடித்திருந்தார்கள், உதவி கிடைக்காத வீடுகளில் 28 பேர். தகவலை மட்டும் கொடுத்து அனுப்பிய குடும்பங்களில் சொல்லும்படியான மாற்றமே இல்லை.

எனக்கு அது ஆச்சரியமாகப்படவில்லை. ஒரு பையனோடு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் கடகடவென்று எழுதினான். ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. மூடியைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். தனியாக இருந்திருந்தால் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்திருப்பான், அத்தோடு முடிந்திருக்கும். "அப்பா கூட இல்லைன்னா அதை எப்படி எழுதறதுன்னு அவங்களையே கேட்டுடலாம்" என்று அங்கேயே கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இரண்டே நிமிடத்தில் வழி சொன்னார்கள். மீதிப் பக்கத்தை அவனே எழுதி முடித்தான்.

இடம் கிடைத்ததும் கைதட்டி அனுப்பிவிடாதே. தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள மாதங்கள்தான் பொல்லாதவை. பள்ளி தன் வேலை முடிந்தது என்று நினைக்கும், கல்லூரிக்கு இன்னும் அவன் யாரென்றே தெரியாது. அமெரிக்காவில் சேருவதாக முடிவு செய்த பிள்ளைகளிலேயே 100-க்கு 10 முதல் 20 பேர் முதல் நாள் போய் நிற்பதில்லை என்று கணக்கெடுத்திருக்கிறார்கள், ஏழை வீடுகளில் இன்னும் கூடுதல். ஒரு கட்டண ரசீது, ஒரு மருத்துவச் சான்றிதழ், விடுதிக்குக் கடைசி தேதி. இவ்வளவு சின்னவற்றில் தட்டித்தான் விழுகிறார்கள். உன் பிள்ளைகளின் தேதிகளையெல்லாம் உன் போனில் ஏற்றிக்கொள், இரண்டு நாள் முன்னதாக ஒரு செய்தி அனுப்பு.

வேறு வேலை பார்க்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன், உன் உடம்பும் மனதும் எனக்கு முக்கியம். ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க வந்த பெரியவர்கள் மூன்று மாதத்துக்குள் விலகிவிட்டால், பிள்ளைகளுக்குத் தங்கள் மீதே இருந்த மதிப்பு முன்பைவிடக் குறைந்துபோவதை 2002-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. ஒரு வருடமாவது நிலைத்த துணைதான் அதிகம் பலன் தந்தது. ஏற்கெனவே பலரால் விடப்பட்ட பிள்ளைகள் அவர்கள். ஆகவே போவதென்றால் இந்த வருடப் பிள்ளைகள் படியேறிய பிறகு போ. முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் முகம் பார்த்துச் சொல், அடுத்து வருகிறவரைக் கையைப் பிடித்து அறிமுகப்படுத்து.

அந்த மூன்று பேரில், பெயர் நீக்கி இரண்டு வாரம்கூட ஆகாத பையன் ஒருவன் இருக்கிறான் என்றாயே. திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று பள்ளியில் முதலில் கேட்டு வைத்துக்கொள், இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துவிடக் கூடாது. பிறகு நாளைக் காலை அவனுக்குப் போன் செய். படிப்பைப் பற்றி எடுக்காதே. காணோமே என்று மட்டும் கேள். எடுக்கவில்லையென்றால் மறுநாளும் செய். ஞாயிற்றுக்கிழமை நாம் பேசும்போது அவன் என்ன சொன்னான் என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா