பழுது தீர்ந்தது என்று யார் சொல்ல வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் லேப்டாப் வாங்குவோருக்குச் சில யோசனைகள் வந்திருந்தன. வாரண்டி இருக்கும்வரை வெளியாளிடம் கொடுக்காதீர்கள், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டால் கவலை இல்லை என்று அதில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எழுதியவர் மேல் கோபம் இல்லை, நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அதையே நம்பி ஏழு மாதமாக நான் படுகிற பாட்டைத் தங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் மன்னார்குடியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கருமாதிக் கார்டு, பள்ளிக்கூட வினாத்தாள் என்று ஓடுகிறது. 2024 ஆகஸ்டில் 46,500 ரூபாய்க்குப் புது லேப்டாப் வாங்கினேன். அதில் பாதி நகைக் கடன். மார்கழிக் கடைசியில், தை முகூர்த்தப் பத்திரிகைகள் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில், திரையில் கோளாறு வந்தது.

கோளாறு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்தால் பாதி வரைக்கும் படம் சரியாக இருக்கும். இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் இடது ஓரத்தில் ஊதா நிறத்தில் கோடு கோடாக ஓடும். அப்புறம் முழு இருட்டு. திரும்ப முன்னால் இழுத்தால் படம் வந்துவிடும். எங்கள் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிற தம்பி ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிஸ்ப்ளே கேபிள் கீல்கிட்ட உரசுதுக்கா. கேபிளை மாத்தினா சரியாயிடும். ஆனா நான் ஸ்க்ரூவத் தொட்டா உங்க வாரண்டி போயிடும்." அவர் பேச்சைக் கேட்டு, தங்கள் பத்திரிகை சொன்ன அதே வழியில்தான் போனேன். வடுவூர் வழியாக பஸ் பிடித்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பையன் மூடியைத் திறக்கவே இல்லை. நானே திறந்து, சாய்த்து, கோடு ஓடுவதைக் காட்டினேன். ஜாப் ஷீட்டில் 'டிஸ்ப்ளே ப்ராப்ளம்' என்று இரண்டே வார்த்தை எழுதினார். எந்த அளவுக்குச் சாய்த்தால் வருகிறது என்று எழுதுங்கள் தம்பி என்றேன். இன்ஜினியர் பார்த்துக்கொள்வார் என்றார். ஒன்பது நாள் கழித்து, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். திரை அப்படியே இருந்தது. உள்ளே இருந்த வேலைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. பாமினி முதல் நான் பல வருஷமாகச் சேர்த்த எழுத்துருக்கள், வாடிக்கையாளர்கள் மறுபடி கேட்டால் எடுத்துக்கொடுக்க வைத்திருந்த பத்திரிகை மாதிரிகள், எல்லாம். டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஜாப் ஷீட்டின் பின்பக்கம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம்.

இரண்டாவது தடவை 17 நாள். மதர்போர்டை மாற்றியிருக்கிறோம், பெரிய வேலை, எல்லாம் இலவசம் என்றார்கள். அங்கேயே திறந்து சாய்த்தேன். அதே ஊதாக் கோடு. "டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம், இனி புது கம்ப்ளெய்ன்ட் போடணும்" என்றார். நான் அந்தக் கவுண்டரில் நின்றுகொண்டிருக்கும்போதே என் போனில் குறுஞ்செய்தி வந்தது. தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, சேவைக்கு மதிப்பெண் தாருங்கள் என்று. என் கண்ணெதிரே திரை இருண்டு கிடக்கிறது, கையில் இருக்கிற போன் தீர்ந்துவிட்டது என்கிறது. ஐயா, எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது தடவை 15 நாள் வைத்திருந்துவிட்டு, கீல் பக்கம் விரிசல் இருக்கிறது, அது 'பிசிக்கல் டேமேஜ்', வாரண்டியில் வராது, 11,800 ரூபாய் கட்டினால் பார்க்கலாம் என்றார்கள். நான் கொடுக்கும்போது அந்த விரிசல் இல்லை. இரண்டு தடவை பிரித்து மூடியவர்கள் அவர்கள்தான். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு ஸ்க்ரூவைக் காணோம். ஆக மொத்தம் 41 நாள் என் லேப்டாப் அவர்களிடம் கிடந்தது. அந்த 41 நாளும் என் வாரண்டிக் கணக்கில்தான் கழிகிறது. அடுத்த மாதம் வாரண்டி முடிகிறது.

தை மாத வேலையை எப்படி முடித்தேன் தெரியுமா? மூடி பின்னால் சாய்ந்துவிடாமல் வினாத்தாள் கட்டை அணைகொடுத்து வைத்து, பாதி திறந்த திரைக்குள் கழுத்தைக் குனிந்து 'திருவளர்ச்செல்வன்', 'திருவளர்ச்செல்வி' என்று அடித்தேன். கழுத்து வலி இன்னும் விடவில்லை.

என் அப்பா தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தியவர். மாதம் ஒரு தடவை மெக்கானிக் ஒருவர் தோல்பையோடு வருவார். எந்த மெஷினைக் கழற்றினாலும், மாட்டி முடித்ததும் அப்பாவை உட்காரவைத்து ஒரு பக்கம் முழுக்க அடிக்கச் சொல்வார். புள்ளி விழுகிற இடம் சரியா, கொம்பு எழுத்தோடு ஒட்டுகிறதா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்பா "சரி" என்று சொன்ன பிறகுதான் காசு வாங்குவார். சரியாகிவிட்டது என்று சொல்கிற உரிமை மெஷினில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இருந்தது. இன்றைக்கு அது எங்கோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

கால் சென்டருக்குப் போன் செய்தால் தமிழில் பேச ஆள் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. பேசியவர்களில் ஒருவர், கடையில் வைத்து உபயோகிக்கிறீர்கள், இது 'கமர்ஷியல் யூஸ்', நீங்கள் நுகர்வோரே கிடையாது என்றார். தங்களுக்குத் தெரியாதது இல்லை, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிற 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதில் விளக்கமே இருக்கிறது. தையல் மெஷின் வாங்குகிறவர், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர், நான் எல்லாரும் நுகர்வோர்தான். எதிர்த்தரப்பு எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். திருவாரூரில் மனு கொடுக்கத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தவறாக நினைக்க வேண்டாம். பண்டிகை வந்தால் தங்கள் பத்திரிகையிலும் லேப்டாப் விளம்பரம் முழுப் பக்கம் வருகிறது. தவணை எவ்வளவு, பையும் மவுஸும் இலவசம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பழுதானால் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. நாகப்பட்டினத்திலோ வேதாரண்யத்திலோ இருப்பவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கோளாறைக் காட்ட ஒரு தடவை, வாங்க ஒரு தடவை, சரியாகவில்லை என்று சொல்ல ஒரு தடவை வந்துபோக வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை விலையில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த யோசனைகளோடு நாலு வரி சேர்த்துப் போடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கோளாறையும் லேப்டாப்பின் நாலு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். டேட்டாவைப் பிரதி எடுத்துவிட வேண்டும். ஜாப் ஷீட்டில் கோளாறை முழுசாக எழுதச் சொல்லி, உடைசல் எதுவும் இல்லை என்பதையும் எழுதி வாங்க வேண்டும். திரும்ப வாங்கும்போது அங்கேயே ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அப்படியும் சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இடம் இருந்தால் அதையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகி,
மன்னார்குடி.