யானையை விற்றவர்கள் அங்குசத்தையும் தர வேண்டும்

பெறுநர்: வீட்டு வீடியோ பதிவுப் பெட்டிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் பொறியாளர்களும்

மதிப்புக்குரியவர்களே,

என் அலமாரியில், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஹார்டு டிஸ்க்கில் பதிந்து வைக்கும் ஒரு பதிவுப் பெட்டி இருக்கிறது. உங்களில் ஒருவர் செய்ததுதான். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கதை உங்களில் பலருக்கும் பொருந்தும். மின்வழங்கிப் பலகையில் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நின்றபோது நானே பிடுங்கிப் புதியவற்றைப் பற்றவைத்தேன். விசிறி முனகத் தொடங்கியபோது அதையும் மாற்றினேன். இன்றும் மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது, ஹார்டு டிஸ்க் சுழல்கிறது, ட்யூனர் அலைவரிசைகளைச் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் ஒரு நிகழ்ச்சியைக்கூடப் பதிவு செய்ய மறுக்கிறது. நிகழ்ச்சி அட்டவணையை அனுப்பிவந்த சர்வரை நிறுவனம் மூடிவிட்டது. அட்டவணை வராவிட்டால் பதிவுப் பொத்தான் உயிர் பெறாதபடி மென்பொருளை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த மென்பொருளின் அடித்தளம் லினக்ஸ்; மூல நிரலைப் பயனரும் கேட்டுப் பெறலாம் என்ற உரிமத்தோடு வரும் இயங்குதளம் அது. அமைப்புகள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில், உரிம அறிவிப்பு இருக்கிறது. நான் படித்தேன். மூல நிரலைக் கேட்டு எழுதினேன். நாலைந்து நினைவூட்டலுக்குப் பிறகு வந்தது. அட்டவணையைத் தேடும் இடத்தில் இரண்டு வரிகளை மாற்றினால் போதும் என்று தெரிந்தது. மாற்றினேன், தொகுத்தேன், பெட்டியில் ஏற்றினேன். பெட்டி அதை ஒரு கணம் பார்த்தது. நிறுவனத்தின் கையொப்பம், அதாவது இது எங்கள் மென்பொருள்தான் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் முத்திரை, இல்லை என்று கண்டது. தன்னைத்தானே அணைத்து மீண்டும் இயக்கிக்கொண்டது. பிறகு மீண்டும். நான் மின்கம்பியைப் பிடுங்கும் வரை இதே வேலை.

யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவது என்று ஒரு பழமொழி உண்டு. உங்களிடம் அந்த வழக்கைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் பெட்டியில் வேறு மென்பொருளை ஏற்றும் வழியை அதை வாங்கியவரிடம் கொடுங்கள். இன்றே கொடுக்க மனமில்லை என்றால், புதுப்பிப்புகளை நிறுத்தும் நாளிலாவது கொடுங்கள்.

இது புதிய தகராறு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 1999-இல் டிவோ என்ற பதிவுப் பெட்டி வந்தபோது அதற்குள் லினக்ஸ் ஓடுவதைக் கண்ட ஆர்வலர்கள் துள்ளிக் குதித்தார்கள். தொடக்கக் காலப் பெட்டிகள் 14 மணி நேரம், 30 மணி நேரம் என்ற அளவில்தான் பதிவு செய்தன. மூடியைத் திறந்து இரண்டாவது ஹார்டு டிஸ்க்கைச் செருகிக் கொள்ளளவைப் பெருக்கியவர்கள் எத்தனையோ பேர். அந்த விளையாட்டு அந்தப் பெட்டியின் புகழைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. பின்னர் வந்த பெட்டிகள் கையொப்பம் இல்லாத மென்பொருளை ஏற்க மறுத்தன. மூல நிரலைக் கொடுத்துவிட்டு அதை ஓட்டும் வழியை அடைக்கும் இந்தப் பழக்கத்துக்கு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் அந்தப் பெட்டியின் பெயரையே சூட்டினார். 2007 ஜூன் 29 அன்று வெளியான குனூ பொது உரிமத்தின் (லினக்ஸுக்கும் பொருந்தும் உரிமத்தின்) மூன்றாம் பதிப்பில், வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளுக்கு நிறுவும் தகவலையும் சேர்த்துத் தர வேண்டும் என்ற விதி நுழைந்ததற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த விதியை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்படியும் அதைத்தான் பதிலாக எழுதப்போகிறீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பு உரிமத்தின் கீழ்தான் இருக்கிறது. அந்த இரண்டாம் பதிப்பிலும், நிரலைத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் கட்டளைக் கோப்புகளைத் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கையொப்பச் சாவி அதில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் வழக்கறிஞன் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, பெட்டி என்ன செய்கிறது என்பதைப் பேசுவோம்.

உங்கள் பொறியாளர்கள் ரசிக்கக்கூடிய ஒரு கதை இருக்கிறது. என் பெட்டி உயிரோடு இருந்த காலத்தில் அதற்கு ஒரு விசித்திர நோய். சில பதிவுகள் நடுவில் உறைந்து நிற்கும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே நொடியில் உறையும். முன்னே தாண்டவும் முடியாது. முதலில் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகித்தேன். பிறகு, எனக்கு வேலை இல்லை என்று வீட்டில் உள்ளவர்கள் முடிவுகட்டும் அளவுக்கு, உறைந்த நேரங்களை ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். ஒரே அலைவரிசையில் அடுத்தடுத்து நிகழ்ந்த இரண்டு உறைதல்களுக்கு இடையே இருந்த நேரம், எப்போது பார்த்தாலும், ஏறத்தாழ இருபத்தாறரை மணி நேரத்தின் மடங்காக இருந்தது.

அந்த எண்ணைப் பார்த்தவுடன் உங்களில் சிலருக்குப் புன்னகை வந்திருக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பு 188 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாக வருகிறது. படமும் ஒலியும் ஒன்றோடொன்று பொருந்துவதற்காக அவற்றில் நேர முத்திரை குத்தப்படுகிறது. நொடிக்கு 90,000 என்ற வேகத்தில் ஓடும் ஓர் எண்ணி அது. அதற்கு ஒதுக்கிய இடம் 33 பிட், அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் முப்பத்துமூன்று. ஆகவே சுமார் 859 கோடியைத் தொட்டதும், வண்டியின் கிலோமீட்டர் காட்டியைப் போல, மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ 26 மணி 30 நிமிடம். ஒளிபரப்பு நிலையத்தின் எண்ணி நான் பதிவைத் தொடங்கும் நேரத்துக்காகக் காத்திருப்பதில்லை. எந்தப் பதிவின் நடுவிலும் அந்தப் பூஜ்யம் வந்து விழலாம். விழுந்தபோதெல்லாம், காலம் பின்னோக்கிப் போய்விட்டதாக என் பெட்டி நினைத்துத் திகைத்து நின்றது.

இரண்டு முத்திரைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடும்போது அந்த 33 பிட் வட்டத்தை மனதில் வைத்துக் கழிக்க வேண்டும். நாலு வரி. நான் சொந்தமாகக் கட்டிய இன்னொரு பதிவுப் பெட்டியில், முழுக்கத் திறந்த மூல நிரலில் ஓடும் ஒன்றில், என் கைப்பட எழுதிய ஒரு சிறு கருவி இதே தவற்றைச் செய்தது. இரவுச் சாப்பாட்டுக்குமுன் கண்டுபிடித்தேன், படுக்கைக்குமுன் திருத்திவிட்டேன். அலமாரிப் பெட்டிக்கோ, அந்த நாலு வரியையும் நோட்டின் பக்கங்களையும் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தேன். பெட்டியை அணைத்து முப்பது நொடி கழித்து மீண்டும் இயக்கிப் பார்க்கும்படி பதில் வந்தது. நோய் தெரியும், மருந்தும் கையில் இருக்கிறது, வாயைத்தான் திறக்க விடமாட்டேன் என்கிறீர்கள்.

அட்டவணை விஷயத்திலும் இதே கதைதான், ஆனால் நல்ல முடிவோடு. 2002-இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மித்டிவி என்ற திறந்த மூலப் பதிவு மென்பொருளை வட அமெரிக்காவில் பயன்படுத்தியவர்கள், ஜாப்டுஇட் லேப்ஸ் என்ற சேவை இலவசமாகக் கொடுத்துவந்த அட்டவணையை நம்பியிருந்தார்கள். 2007 செப்டம்பர் 1 அன்று அந்தச் சேவை நின்றது. என் பெட்டிக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் மென்பொருளின் கதவு திறந்திருந்தது. ஸ்கெட்யூல்ஸ் டைரக்ட் என்ற, லாப நோக்கமற்ற அமைப்பை உருவாக்கி, உறுப்பினர்களிடம் கட்டணம் திரட்டி, அட்டவணையை வேறு வழியில் வாங்கி, மென்பொருளை அங்கே திருப்பிவிட்டார்கள். பெட்டிகள் தொடர்ந்து பதிவு செய்தன. ஐரோப்பாவில் கிளாவுஸ் ஷ்மிடிங்கர் 2000-இல் தொடங்கிய விடிஆர் என்ற மென்பொருளும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ட்யூனர் அட்டைகள் மாறியும் நிலைத்திருக்கிறது. அதை முதலில் ஓட்டிய கணினிகள் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. கட்டண அலைவரிசைகளின் குறியாக்கம் உடைந்துவிடும் என்பீர்கள். அந்தச் சாவிகளை நான் கேட்கவில்லை. அவை தனிச் சிப்பிலோ, ப்ராசஸரின் காப்பிடப்பட்ட பகுதியிலோ இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். என் மென்பொருளை ஏற்றும்போது அந்தப் பகுதி தன்னைப் பூட்டிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். இலவச ஒளிபரப்பையும் என் சொந்த நாடாக்களையும் பதிவு செய்தால் போதும். உத்தரவாதம் செல்லாது என்பீர்கள். செல்ல வேண்டாம், தாராளமாக ரத்து செய்யுங்கள்.

பாதுகாப்பு என்ற வாதத்துக்கு மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தையே திணறடித்தது நினைவிருக்கும். அது அடிமைப்படுத்திய கருவிகளில் பெரும்பங்கு கண்காணிப்புக் கேமராக்களும் அவற்றின் வீடியோ பதிவுப் பெட்டிகளும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அல்ல, அவற்றின் உறவினர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாறாமல் கிடந்ததால் உள்ளே புகுந்தது. உரிமையாளர்கள் திறந்து நோண்டியதால் வந்த வினை இல்லை அது. புதுப்பிப்பு நின்றுபோன, பூட்டிய பெட்டி இணையத்தில் தொங்கிக்கொண்டிருப்பதைவிட ஆபத்தான நிலை என்ன என்று உங்கள் பாதுகாப்புப் பிரிவினரையே கேட்டுப் பாருங்கள்.

பூட்டையும் வைத்துக்கொண்டு திறப்பையும் தரும் வழி ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டதுதான். க்ரோம்புக் மடிக்கணினிகளைப் பாருங்கள். கையொப்பச் சோதனை இயல்பாகவே இருக்கிறது. உரிமையாளர் விரும்பினால் மேம்பாட்டாளர் நிலைக்கு மாறலாம். மாறும்போது உள்ளே இருக்கும் தனிப்பட்ட தரவு அழிகிறது, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திரையில் எச்சரிக்கை வருகிறது. பல மாதிரிகளில் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் நிலையாகப் பதிந்த அடிப்படை மென்பொருளை, மாற்றவிடாமல் தடுக்கும் காப்பை நீக்க, மூடியைத் திறந்து ஒரு திருகைக் கழற்ற வேண்டியிருந்தது. தொலைவில் இருந்து திருகைக் கழற்றும் திருடன் இன்னும் பிறக்கவில்லை. எனக்கு மிகப் பிடித்த பாதுகாப்பு ஏற்பாடு அந்தத் திருகுதான். உங்கள் பெட்டியிலும் ஒன்று வையுங்கள்.

வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. நியூரோஸ் என்ற சிறு நிறுவனம் 2006-இல் ஓஎஸ்டி என்றொரு பதிவுக் கருவியைக் கொண்டுவந்தது. அதையும் லினக்ஸ்தான் ஓட்டியது. பழைய வீடியோ இணைப்பிலிருந்து வருவதை எம்பெக்-4 கோப்பாக மாற்றி, நினைவக அட்டையிலோ யூஎஸ்பி தட்டிலோ வீட்டு வலையமைப்பிலோ எழுதும். நோண்டுங்கள் என்று நிறுவனமே அழைத்தது. புதிய வசதிகளை எழுதித் தருபவர்களுக்குப் பரிசுத் தொகையும் அறிவித்தது. அது பெரும் பணம் குவித்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது எழுதிய கோப்பு எந்தக் கணினியிலும் திறக்கும்.

இந்தக் கடைசிச் செய்திக்காகத்தான் உண்மையில் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். என் அலமாரிப் பெட்டியின் பின்புறத்திலும் அப்படி ஒரு பழைய வீடியோ இணைப்பு இருந்தது. எங்கள் குடும்ப நாடாக்களை, பூஞ்சை பிடிப்பதற்குமுன் காப்பாற்றிவிடலாம் என்று, பல வாரங்கள் உட்கார்ந்து அதன் வழியாகப் பதிவு செய்தேன். நாடாக்களில் சில அதற்குப் பிறகு ஓடவே இல்லை. பதிவுகள் எல்லாம் அந்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் குப்பை எண்கள்தான் தெரிகின்றன. பெட்டியின் போர்டில் உள்ள ஒரு சிப்பில் புதைத்த சாவியால் அத்தனையும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. என் தந்தை மொட்டை மாடியில் நின்று கேமராவைப் பார்த்து, எப்படி நிறுத்துவது என்று கேட்கும் பதினோரு நொடிக் காட்சியை எந்தத் திரைப்பட நிறுவனத்துக்காகக் காக்கிறீர்கள்?

இப்போதைக்கு அந்தப் பெட்டி மட்டுமே அவற்றைத் திறக்கும், தொலைக்காட்சித் திரையில் மட்டுமே காட்டும். மற்ற கெப்பாசிட்டர்களுக்கும் வயதாகிறது. அந்த சிப் ஒரு நாள் போய்விட்டால் நான் என்ன பற்றவைத்தும் பயன் இல்லை.

ஆகவே சொந்த இணைப்பின் வழியாகப் பதிவு செய்தவற்றைக் குறியாக்கம் செய்யாதீர்கள். அட்டவணை வரும் முகவரியை உரிமையாளர் மாற்றும்படி ஒரு கட்டம் வையுங்கள். அட்டவணையே இல்லாவிட்டாலும் நேரத்தைக் குறித்துப் பதிவு செய்ய விடுங்கள். மூடிக்கு அடியில் அந்தத் திருகு. இனிப் புதுப்பிப்பு இல்லை என்று அறிவிக்கும் கடைசி ஃபர்ம்வேரில், கையொப்பச் சோதனையை அணைக்கும் ஒரு வரி.

உங்களில் என் பெட்டியைச் செய்தவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் வரிசை எண் அடிப்புறத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. உங்கள் கடைசி ஃபர்ம்வேர் 2.1 என்று என் திரை காட்டுகிறது. 2.2 என்று ஒன்றை வெளியிட உங்களுக்கு ஒரு பிற்பகல் போதும். அந்த நாலு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; மீண்டும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பதிவுப் பெட்டியின் உரிமையாளர்