பேட்டரி மேல பழி போடாதீங்க சார் – 6 சென்சார் வாங்கினது பத்தி புகார்

வணக்கம் சார்,

காளான் ஷெட்டுக்குன்னு உங்ககிட்ட 6 வைஃபை ஈரப்பத சென்சார் வாங்கினேன். பால் காளான் போடறோம், பாதி பூமிக்குள்ள இறக்கி மேல நீல ஷீட் போட்ட ஷெட், உள்ள ஈரப்பதம் இறங்கிட்டா குண்டூசித் தலை சைஸ்ல வர்ற மொட்டெல்லாம் அப்படியே கருகிப்போகும், ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துட்டு ஓடாம படுத்த இடத்துலயே போன்ல பாத்துக்கலாம்னுதான் வாங்கினது. பெட்டி மேல "ஒரு சார்ஜ், ஒரு வருஷம்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. ஏழாவது நாள் ரெண்டு நின்னுச்சு, பத்து நாளைக்குள்ள ஆறும் காலி.

கஸ்டமர் கேர்ல "செல்லு வீக்கா இருக்கும் சார், நல்ல 18650 சைஸ் செல்லு வாங்கி போடுங்க"ன்னாங்க. 2600 மில்லி ஆம்பியர் அவர் செல்லா பாத்து ஆறு வாங்கி போட்டேன், மறுபடியும் அதே ஏழு நாள்தான். நின்னுபோனதுல இருந்து செல்லை கழட்டி மீட்டர் வெச்சா 3.78 வோல்ட் காட்டுது! பாதி சார்ஜ் உள்ள இருக்கறப்ப செல்லு எப்படிங்க வீக்காகும்?

நான் பழைய டிவி மெக்கானிக், அதனால ஒண்ணே ஒண்ணை மட்டும் பிரிச்சு பாத்தேன். செல்லோட வோல்ட்டை 3.3க்கு இறக்கி சிப்புக்கு குடுக்கற ரெகுலேட்டர் உள்ள ஏஎம்எஸ் 1117. கரண்ட்ல ஓடற போர்டுக்கு அது போதும், பேட்டரிக்கு ஆகவே ஆகாது. 3.3 வோல்ட் வெளிய வரணும்னா உள்ள ஒரு வோல்ட்டுக்கு மேல கூடுதலா குடுக்கணும், ஃபுல் சார்ஜ்லயே செல்லு 4.2தான், அப்புறம் எங்க இருந்து வரும்? வைஃபை ஆன் ஆகறப்ப ஒரு இழு இழுக்கும்ல, அப்ப வோல்ட் படுத்துரும், வைஃபையை ஓட்டற இஎஸ்பி சிப்பு ரீசெட் ஆகும், திரும்ப எந்திரிக்கும், திரும்ப ரீசெட். இது பத்தாதுன்னு சும்மா தூங்கறப்பவே 7.2 மில்லி ஆம்பியர் போகுது. சிவப்பு எல்இடியை எடுத்துட்டு பாத்தா 5 கிட்ட நிக்குது, அந்த 5ம் ரெகுலேட்டர் ஒண்ணே குடிக்கறது. சிப்பு ஒழுங்கா தூங்குது, வாட்ச்மேன்தான் விடிய விடிய டீ குடிச்சிட்டிருக்கான்.

அந்த ரெகுலேட்டரை எடுத்துட்டு ஹெச்டி 7333ன்னு வேற ரெகுலேட்டர் வெச்சேன், அது தனக்குன்னு எடுக்கறது ஒரு 4 மைக்ரோ ஆம்பியர்தான், வைஃபை இழுக்கறதுக்காக பக்கத்துல 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு. அரை மணிக்கு ஒரு தடவை ரீடிங் அனுப்பற மாதிரியேதான் இருக்கு, எதையும் மாத்தல. அஞ்சு வாரம் ஆச்சு, செல்லு இன்னும் 4.1 வோல்ட்ல நிக்குது. பத்து பதினஞ்சு ரூபா சாமான் சார் அது, அதுல மிச்சம் புடிச்சு என்ன கட்டப் போறீங்க?

இதை போன்ல சொன்னா "பெட்டியை திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு"ங்கறாங்க. சரி அந்த ஒண்ணை விடுங்க, என் செலவுலயே போகட்டும். மீதி அஞ்சும் செல்லு மாத்தினதோட சரி, போர்டு பக்கம் ஸ்க்ரூ கூட கழட்டல, சீல் அப்படியே இருக்கு. ஒண்ணு ரெகுலேட்டர் மாத்தின போர்டு அனுப்புங்க, இல்ல அஞ்சுக்கும் காசை திருப்பி போடுங்க, கூரியர் செலவு உங்களோடது. நான் வீணா வாங்கின ஆறு செல்லோட பில்லும் இதோட வெச்சிருக்கேன். 15 நாள் பாப்பேன், பதில் வரலன்னா 1915க்கு போன் போட்டு நுகர்வோர் புகார் பதிஞ்சிருவேனுங்க.